மேல் வரியில் பிரான்சிஸ்

சேமிக்க இடமில்லை என்று கம்ப்யூட்டர் மறுபடியும் சொன்னது. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் வினாத்தாள் பாதியில் நின்றது. அதைத் திட்டக்கூடத் தெம்பில்லாமல் ரீனா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திண்டுக்கல் பள்ளிக்கூடங்களுக்கு வீட்டிலிருந்தே வினாத்தாள் அடித்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. முழுஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரம் பார்த்துத்தானா இது மக்கர் பண்ண வேண்டும்?

அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டதும் எதற்குள் போவது என்று கேட்டு கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வரும். மேலே பிரான்சிஸ், கீழே ரீனா. பழைய விண்டோஸ் 98 அவனுக்கு, புது எக்ஸ்பி அவளுக்கு. "சண்டையே வரக் கூடாது, ஆளுக்கொரு வீடு," என்று கல்யாணமான புதிதில் அவன்தான் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டு, பெயர்களையும் மாற்றி எழுதினான். மஸ்கட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், யாரும் எதையும் அழுத்தாவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக ரீனாவின் வரிக்குப் போகிற மாதிரி வைத்துவிட்டுப் போனான். என் மேல் எவ்வளவு அக்கறை என்று அன்றைக்குப் பூரித்துப்போனாள், கிறுக்கி.

பொங்கல் முடிந்து ஒருநாள் போன் வந்தது. "என்னைய எதிர்பாக்காத ரீனா. இங்க ஒருத்தியோட இருக்கேன். அம்மாட்ட நீயே பக்குவமாச் சொல்லிரு." பக்குவமாக! என்னவோ எலுமிச்சங்காய் ஊறுகாய் போடச் சொல்கிற மாதிரி.

அவள் இன்னும் சொல்லவில்லை. மாமியார் புஷ்பமேரிக்கு அவன் ஒத்தைப் பிள்ளை. தினமும் செபமாலை முடிந்ததும், "மஸ்கட்ல இருக்க எம்பிள்ளை நல்லபடியா வீடு வந்து சேரணும்," என்று தனியாக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவாள். பாதிச் செபத்தை மாமியார் சொல்ல, மீதிப் பாதியை மருமகள் சொல்லி முடிக்க வேண்டும். ரீனா முடித்துக் கொடுப்பாள். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் புஷ்பமேரிக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. "அவன் பக்கம் போடு தாயி," என்பாள். பிரான்சிஸ் வரிக்குள் போனால் திரை நிறைய அவன் படம். சிறுமலை ரோட்டு வளைவில், பைக்கில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நிற்பான். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு இட்லி இறங்கும்.

வெள்ளிக்கிழமை புஷ்பமேரி சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குக் கிளம்பியதும், கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற ஆனந்த்ராஜை ரீனா வரச்சொன்னாள்.

"பழசுதான்க்கா முக்காவாசி எடத்தப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. யாராச்சும் பொழங்குறீங்களா?"

"இல்ல."

"பாட்டு, கீட்டு எதுவும் காப்பி பண்ணி வைக்கவா?"

"ஒண்ணும் வேணாம். அழிச்சு விடு." தன் குரல் அப்படி வெடுக்கென்று வந்ததில் அவளே திடுக்கிட்டாள்.

அவன் செத்த நேரம் எதையோ திறந்து பார்த்தான். "மொத்தமா வழிச்செடுக்க முடியாதுக்கா. ஒங்களுது எந்திரிக்கிறதே பழசு இருக்க எடத்துல கெடக்குற ரெண்டு மூணு ஃபைல வச்சுத்தான். அதையும் அழிச்சா ஒங்களுதும் படுத்துக்கிரும்."

ரீனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று தெரிந்ததால், காப்பி போட்டு வருவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போனாள். பால் பொங்குகிறவரை அழுதாள். அவனை நினைத்து அழுதாளா, அவனை அழிக்கச் சொன்ன தன்னை நினைத்து அழுதாளா என்று தெரியவில்லை. டம்ளரில் ஊற்றும்போதுதான் அத்தையின் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. ஓடினாள்.

"தம்பி, அதுல ஒரு படம்..."

"எல்லாம் போயிருச்சேக்கா. எந்தப் படம்?"

"ஒண்ணுமில்ல. காப்பியக் குடி."

"மொதல்ல வர்ற பேரு மட்டும் நிக்குது. அதையும் தூக்கிரவா?"

"அது கெடக்கட்டும்," என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படியும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சனிக்கிழமை முழுக்க வாயில் வைத்துக்கொண்டே திரிந்தாள்.

ஞாயிறு முதல் பூசை முடிந்து வந்த புஷ்பமேரி, சேலைகூட மாற்றாமல் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ரீனா கம்ப்யூட்டரைப் போட்டாள். ரிப்பேர் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என அவள் வாயெடுப்பதற்குள், பார்த்துப் பார்த்துப் பழகியிருந்த புஷ்பமேரி தானே விரலை நீட்டி மேல் அம்புக்குறியை அழுத்தி, என்டரையும் தட்டினாள்.

கறுப்பில் ஒரே ஒரு வரி ஆங்கிலம் வந்து நின்றது.

"என்ன தாயி போட்டிருக்கு?"

"செல்லாதாம் அத்தை. வேற டிஸ்க் மாத்திப் போடச் சொல்லுது."

"எம்பிள்ளை எங்க?"

படத்தைத்தான் கேட்டாள். பக்குவமாகச் சொல்ல ரீனா சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. "வரமாட்டாரு அத்தை. அங்க வேற குடும்பம் ஆயிருச்சு. பொங்கலப்பவே போன் பண்ணாரு. அழிச்சது நான்தான்."

புஷ்பமேரி அழவில்லை. பூசைக்குப் போட்டிருந்த முக்காடு இன்னும் தலையில் இருந்தது. அதை இழுத்து விட்டுக்கொண்டு, "அவனுக்காக நான் மன்றாடுறப்பெல்லாம் நீயும் கூடவே சொன்னியேத்தா," என்றாள்.

"சொன்னேன் அத்தை."

"எப்புடித்தா சொன்ன?"

ரீனா கம்ப்யூட்டரை அணைத்துவிடலாம் என்று பெட்டியின் பொத்தானில் கை வைத்தாள்.

"பேர மட்டும் ஏன் விட்டு வச்ச?"

"அதையும் எடுத்துரச் சொல்லவா?"

புஷ்பமேரி, "இன்னொருக்காப் போடு," என்றாள்.

ரீனா போட்டாள். மேலே பிரான்சிஸ், கீழே ரீனா. கீபோர்டில் இருந்த மருமகளின் கையைப் புஷ்பமேரி எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரையின் அடியில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. யாரும் எதையும் அழுத்தவில்லை.