இருநூற்றுப் பதினான்கு அம்புகள்

மொக்கைச்சாமியின் கடிதம் வந்து சேர்ந்தது செவ்வாய்க்கிழமை. டிங்கர் நல்லான் அந்த டூல் பாக்ஸ் மூடியைத் தேய்த்து, பட்டி வைத்து, பச்சைப் பெயிண்டும் அடித்து முடித்தது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. கடிதம் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்று நஞ்சப்பன் பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டார்.

நஞ்சப்பனுக்கு மண்ணரையில் முப்பது மெஷின் ஓடும் பனியன் கம்பெனி. கம்பெனிக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு ஜோங்கா. ராணுவத்துக்கென்று ஜபல்பூரில் செய்த ஜீப் அது. மூன்று வருஷத்துக்கு முன்னால், 2003இல், ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகளின் ஏலத்தில் எடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வந்தபோது அதற்கு நான்கு சக்கரம் இருந்தது என்பதைத் தவிரப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விடுவார். கார்புரேட்டருக்கு டில்லிக்குச் சொல்லிவிட்டார். ஹெட்லைட் வளையம் உடுமலைப்பேட்டையில் ஒரு தென்னந்தோப்புக்காரரிடம் கிடைத்தது.

"எங்கண்ணன் ஊட்டு விசேஷத்துக்கு வரச் சொன்னா இடுப்பு வலிங்கறீங்க. அதுக்கடியில நாள் பூராப் படுத்துக் கிடக்கறீங்க. அப்ப வலிக்கறதில்லீங்களா?" என்பாள் மனைவி கண்ணம்மாள்.

"அது இடுப்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாருங்கம்மணி."

"எந்த டாக்டர்? நல்லானா?"

பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே போனதில், மூன்றாவது பூச்சுக்கு அடியில் பழைய ராணுவ நம்பர் தெரிந்தது. ராணுவ வண்டிகளின் நம்பரில் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று உண்டு. அந்த அம்பும் இருந்தது. நஞ்சப்பன் நம்பரைக் குறித்துக்கொண்டு முன்னாள் ராணுவத்தார் சங்கங்களுக்கெல்லாம் எழுதிப்போட்டார். யாராவது ஓட்டியவர் இருந்தால் தெரிவிக்கவும் என்று. ஒரு வருஷம் பதிலில்லை. அவரும் மறந்துவிட்டார்.

அடுத்த மாதம் கோயமுத்தூரில் பழைய வண்டிகளின் அணிவகுப்பு. அதற்குள் பாடி வேலை முடிய வேண்டும். எங்கெங்கே நெளிவு, எங்கெங்கே ஓட்டை என்று நல்லானுக்கு வாயால் சொல்லி மாளாது. அப்போதுதான் நஞ்சப்பனுக்கு அந்த யோசனை வந்தது. செக்கிங் செக்ஷன் பாண்டியம்மாளைக் கூப்பிட்டார்.

பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ நூல் விட்டதோ இருந்தால், செக்கிங் பெண்கள் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். ஒரு குறைக்கு ஒரு அம்பு. பீஸ் சரிசெய்யப் போகும். சரிசெய்தவர் அம்பை எடுத்துவிடுவார். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து பத்து வருஷமாக இதே வேலை பார்க்கும் பாண்டியம்மாள் கண்ணில் படாமல் எந்தக் குறையும் தப்பியதில்லை.

"இதையும் ஒரு பீஸுன்னு நெனச்சுக்க. எங்கெங்க டிஃபெக்டோ அங்கெல்லாம் அம்பு ஒட்டிப்போடு."

பாண்டியம்மாள் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தாள். "நம்பர்லயே ஒரு அம்பு இருக்கே மொதலாளி. நமக்கு முன்னாடியே எவனோ செக்கிங் பண்ணிட்டுப் போயிருக்கான் போல."

அரை நாளில் வண்டிக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. இருநூற்றுப் பதினான்கு அம்புகள். நல்லான் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டான். ஆனால் வேலை சுத்தமாக நடந்தது. அம்பு இருந்த இடமெல்லாம் தேய்த்தான், தட்டினான், பட்டி வைத்தான். அம்பு ஒன்றுகூட மிச்சமில்லாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை வந்த கடிதம் சாத்தூரிலிருந்து. நாற்பது பக்க நோட்டில் கிழித்த தாள், பேனா அழுத்தி எழுதிய எழுத்து.

'ஐயா, தாங்கள் எழுதிய நம்பர் வண்டியை எழுபத்தொன்று டிசம்பரில் ஓட்டியவன் நான்தான். என் பட்டாள நம்பரும் அந்த வண்டி நம்பரும் எனக்கு மறக்காது. காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போவது என் டூட்டி. டிரைவர் சீட்டுக்கு அடியில் டூல் பாக்ஸ் உண்டு. அதன் மூடியின் உள்பக்கம் ஸ்குரூ டிரைவரால் நான் சில கோடுகள் கீறியிருக்கிறேன். அவற்றை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். ஞாயிறு காலை வருகிறேன். இப்படிக்கு மொக்கைச்சாமி, முன்னாள் டிரைவர்.'

நஞ்சப்பன் கடிதத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார். சீட்டைத் தூக்கி மூடியைத் திருப்பினார். உள்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. விரலால் தடவினார். ஒன்றுமில்லை. டி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு நல்லான் பட்டறைக்குப் போனார்.

"கீறலா? இருந்துச்சுங்க. வரிசையா இருந்துச்சு. அம்பு ஒட்டியிருந்துச்சே, தேச்சுப் போட்டனுங்க."

"எத்தனை கீறல்?"

"அதை ஆருங்க எண்ணுனா? கிரைண்டர் வெச்சா ஒரு நிமிஷ வேலை." நல்லானுக்கு அவர் முகம் போன போக்கு பிடிபடவில்லை. "ஏனுங்க, சரியாப் போகலீங்களா?"

"நல்லாத்தான் போயிருக்குது" என்றார் நஞ்சப்பன்.

அந்த வாரம் முழுக்க யாரிடமும் அவர் கடிதத்தைக் காட்டவில்லை. பாண்டியம்மாளிடம் என்ன சொல்வது? ஒட்டச் சொன்னவர் அவர். புதன்கிழமை ஒரு ஆணியை எடுத்துக்கொண்டு மூடிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஆர்டர் கொடுக்கும் பையரின் சாம்பிளைப் பார்த்து அச்சாக அதே மாதிரி செய்வதில் இருபது வருஷ அனுபவம். ஆனால் சாம்பிள் இல்லையே. ஐந்து கோடா, பதினைந்தா? எண்ணிப் பார்க்க வருகிறவனுக்குத் தப்பாக எண்ணிக்கொடுப்பதா? ஆணியைத் தூர எறிந்தார். வியாழக்கிழமை வேறொரு வழி தோன்றியது. மூடி பழசில்லை, ஏலத்தில் எடுக்கும்போதே காணோம், புதிதாகச் செய்து போட்டது என்று சொல்லிவிடலாம். யார் மனமும் நோகாது. சொல்லிப் பார்த்துக்கொண்டார். சரளமாகவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் மொக்கைச்சாமி வந்துவிட்டார். ராத்திரி பஸ்ஸில் வந்தவர் என்று நம்ப முடியாதபடி சட்டையில் மடிப்பு கலையவில்லை. வலது மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்தது. கையில் ஒரு கிலோ சாத்தூர் காரச்சேவு. கண்ணம்மாள் கொடுத்த காபியை நின்றபடியே குடித்தார். பாதி டம்ளரிலேயே, "வண்டி எங்க சார் நிக்கிது?" என்றார்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் அவர் நடை மாறியது. பானெட்டைத் தொடவில்லை. முதலில் குனிந்து நான்கு டயரையும் பார்த்தார். பிறகு நம்பரைப் பார்த்து, அதை வாய்விட்டு ஒருமுறை படித்தார். "புதுசுலகூட இவ இம்புட்டு அழகா இல்ல சார்" என்றார். அப்புறம் சீட்டைத் தூக்கினார்.

மூடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"அய்யா, அது பழைய மூடி இல்லீங்க" என்றார் நஞ்சப்பன். "ஏலத்துல எடுக்கும்போதே அது இல்லீங்க. நாங்க புதுசாச் செஞ்சு போட்டதுங்க."

"அப்படியா சார்." மொக்கைச்சாமி மூடியை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்தார். "முப்பத்தஞ்சு வருசம். இருக்கும்னு நெனச்சு வந்தது நம்ம தப்புதான். நீங்க மனசுல வச்சுக்கிறாதீங்க." கைக்குட்டையால் கைகளைத் துடைத்துக்கொண்டார். தூசி ஏதும் ஒட்டியிருக்கவில்லை. "பத்து மணிக்கு ஒரு மதுரை பஸ் இருக்குமில்ல?"

கொட்டகை வாசலில் பாண்டியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவசர ஆர்டர் என்பதால் அன்றைக்கும் செக்கிங் உண்டு. ராணுவக்காரர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருந்தாள். முதலாளி சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கும். அவள் நஞ்சப்பனைப் பார்த்தாள்.

மொக்கைச்சாமி கோபித்திருந்தால், இரண்டு கேள்வி கேட்டிருந்தால், நஞ்சப்பன் சமாளித்திருப்பார். அவர் நம்பிவிட்டதுதான் தாங்கவில்லை.

"அய்யா, நில்லுங்க. நான் சொன்னது பொய்யிங்க. அதே மூடிதானுங்க. உங்க கோடெல்லாம் இருந்துச்சு. டிஃபெக்டுன்னு நெனச்சு நாங்கதான் தேச்சுப் போட்டோம். உங்க லெட்டர் வர்றதுக்கு நாலு நாள் முன்னால."

மொக்கைச்சாமி வண்டியின் படியில் உட்கார்ந்தார். "அன்னிக்கு எங்க சுபேதாரும் டிஃபெக்டுன்னுதான் சொன்னாரு. சர்க்கார் சாமான்ல கோடு கீறுறியான்னு வஞ்சாரு."

"எதுக்குங்க அய்யா கீறுனீங்க?"

"உயிரோட ஆஸ்பத்திரிக் கூடாரத்துல ஒப்படைச்சா ஒரு கோடு. வழியில போயிட்டா கோடு கிடையாது. பதினொண்ணு வரைக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. பன்னெண்டாவது மரியசூசை, மணப்பாட்டுக்காரன். என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவன். அவனைத் தூக்கி ஏத்தும்போதே எனக்குக் கையில அடி." மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டார். "கூடாரத்துக்கிட்ட ஒரு குண்டு விழுந்துச்சு. மூணு நாள் கழிச்சுத்தான் கண்ணு முழிச்சேன். வண்டி வேற ஆளுக்குப் போயிருச்சு. மரியசூசை செத்துட்டான்னாங்க. நான் அவனை ஒப்படைச்சேனா, வழியிலேயே எம் முதுகுக்குப் பின்னாடியே போயிட்டானா, தெரியல. அவங்க ஆத்தாகிட்ட, உயிரோடதான் ஒப்படைச்சேன், தண்ணி கேட்டுக் குடிச்சான்னு சொன்னேன். அது மெய்யா பொய்யான்னு எனக்கே தெரியாது சார். பன்னெண்டு கோடு இருந்தா மெய்."

"எந்த மூடி மொதலாளி?" என்றாள் பாண்டியம்மாள் திடீரென்று. "சீட்டுக்குக் கீழ இருந்ததா? ரிப்போர்ட்டுல இருக்குமே."

"என்ன ரிப்போர்ட்டு?"

"பீஸுன்னு நெனச்சுக்கன்னு நீங்கதான சொன்னீங்க. பீஸுன்னா ரிப்போர்ட்டு எழுத வேணாமா?"

அவள் ஓடிப்போய் ஃபைலோடு வந்தாள். பனியன் படம் அச்சடித்த செக்கிங் ஃபாரம். பனியன் படத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, பக்கத்தில் பேனாவால் மூடியை ஒரு கட்டமாக வரைந்திருந்தாள். கட்டத்துக்குள் வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள். கீழே எழுதியிருந்தது: 'மூடி உள்பக்கம். கீறல் 11, நேர். 1, கோணல், சின்னது, ஆழம் இல்லை. மொத்தம் அம்பு 12.'

மொக்கைச்சாமி தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். கடைசிக் கோட்டுக்கு வந்ததும் விரல் நின்றது. இடது கையை எடுத்து, காற்றில் ஸ்குரூ டிரைவர் பிடிப்பதுபோல் பிடித்து, மெல்ல ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். கோணலாகத்தான் வந்தது.

"இடது கை" என்றார். கோணியிருந்த வலது மணிக்கட்டைப் பார்த்தார்.

கண்ணம்மாள் இட்லிக்குக் கூப்பிட வந்தவள் வாசலோடு நின்றுவிட்டாள்.

"நீ கையெழுத்துப் போட்டிருக்கியாம்மா இதுல? தேதி?" என்று கேட்டார் மொக்கைச்சாமி.

"போடாமக் குடுத்தா மொதலாளி வாங்கிருவாராக்கும்?" என்றாள் பாண்டியம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மொக்கைச்சாமி தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை, நஞ்சப்பனும் சொல்லவில்லை. ஆத்தா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது, மரியசூசையின் தங்கை ஒருத்தி மட்டும் மணப்பாட்டிலேயே இருக்கிறாள் என்றார்.

"போன் நம்பர் இருந்தாச் சொல்லுங்க அய்யா, இங்கிருந்தே பேசிரலாம்" என்றார் நஞ்சப்பன்.

"இல்ல சார். இதை நேர்ல போய்த்தான் காட்டணும்." எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "மதுரை பஸ் வேணாம். மணப்பாட்டுக்குப் போகணும், திருச்செந்தூர் பஸ் எப்ப இருக்கு?"

நஞ்சப்பன் ஜோங்காவின் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மொக்கைச்சாமிதான் ஓட்டினார். பக்கத்தில் நஞ்சப்பன். பின்னால், அவசர ஆர்டரை அப்படியே போட்டுவிட்டு வந்த பாண்டியம்மாள்.