ஜே கலர் யாருக்கும் தெரியாது

என் தம்பி ஒரு காரியத்தை நேராகச் செய்தான் என்ற சரித்திரமே கிடையாது. பெண் பார்த்ததும் அப்படித்தான். நான்கு மாதத்துக்கு முன்னால், நான் வேலை பார்க்கும் அறைக்கு வெள்ளை அடிக்க முடிவு செய்தார் என் முதலாளி. பெயிண்ட் டப்பாவை வாங்கி வரத் தம்பியை அனுப்பினேன். பத்து நிமிட வேலை. மூன்று மணி நேரம் கழித்து வந்தான். மறுநாள் பிரஷ் வாங்கப் போனான். அதற்கு மறுநாளும் போனான். எங்கள் வீட்டில் இன்றைக்குப் பதினொரு பிரஷ் இருக்கிறது. பெயிண்ட் கடையில் கலர் கலந்து கொடுக்கும் பெண்தான் காரணம் என்பதை அம்மா ஐந்தாவது பிரஷிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

என் வேலை வைரத்துக்குக் கலர் சொல்வது. துளிகூட நிறமில்லாத கல் டி. அங்கிருந்து எழுத்து எழுத்தாக மஞ்சள் ஏறிக்கொண்டே போய் இசட்டில் நிற்கும். பக்கத்துப் பக்கத்து எழுத்துக்கு என்ன வித்தியாசம் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கல்லை வெள்ளை அட்டை மடிப்பில் குப்புறப் போட்டு முதுகைப் பார்ப்பேன். முன்பக்கம் மின்னி மின்னி ஆளை ஏமாற்றிவிடும்.

மற்றவர்கள் எழுத்து வாரியாக மாதிரிக் கற்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எனக்கும் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். அது அலமாரியில் சுகமாகத் தூங்குகிறது. பத்தொன்பது வருடம் கல் பார்த்தவளுக்கு மாதிரி எதற்கு? ஜன்னல் வெளிச்சம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி சாதுவாக என் மேசைமேல் விழும். அந்த வெளிச்சமும் என் இரண்டு கண்ணும் போதும் என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

எங்களிடம் கல் காட்ட வருகிற வியாபாரி ஒருவருக்குப் புலம்பல் என்று பெயர் வைத்திருந்தேன். நல்ல செய்தி சொன்னால்கூட அழுகிற குரலில்தான் சொல்வார். போன மாதம் அவர் கொண்டு வந்த கல் ஒன்றைப் பார்த்து ஜே என்றேன்.

"அம்மா, இது எச் கலரும்மா! நல்லா பாருங்கம்மா!"

"பாத்தாச்சு. ஜே."

"இப்பல்லாம் எதைக் கொண்டு வந்தாலும் மஞ்சள்னு சொல்றீங்க. என் கல்லு மேல உங்களுக்கு என்னம்மா கோபம்?"

"கல்லு மேல எனக்கு என்ன கோபம்? உங்க மேலதான் வரப்போகுது."

அந்தக் கல்லைத்தான் தம்பிக்கு வாங்கித் தந்தேன். அவனுடைய சேமிப்பு டி கல்லின் பக்கத்தில்கூடப் போகாது. ஜே விலை அவன் காசுக்குச் சரியாக இருந்தது. "ஜே கலரை முன்பக்கமா பாத்தா யாருக்கும் தெரியாதுடா. தெரிஞ்சா என்னைக் கேளு" என்று மார்தட்டிச் சொன்னேன். வெள்ளை உலோகத்தில் நான்கு கொக்கி வைத்து மோதிரம் செய்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட் கடைப் பெண் எங்கள் வீட்டுக்கு வருவாள், அம்மா முன்னால் கல்யாணத்துக்குக் கேட்டுவிடுவது என்று ஏற்பாடு.

வியாழக்கிழமை தம்பி பேயறைந்தவன்போல வந்து நின்றான்.

"அக்கா, தொலைஞ்சேன். இன்னைக்கு ஒரு லோடு வெள்ளைப் பெயிண்ட்டைத் திருப்பி அனுப்பிட்டா."

"யாரு?"

"அவதான். டப்பாவைத் திறந்து எட்டிப் பாத்தா, 'இது வெள்ளை இல்ல, பல்லு கலர்'னு சொல்லிட்டா. நான் பாத்தேன், பால் மாதிரி இருந்துச்சு. கம்பெனிக்காரன் மிஷின்ல வெச்சுப் பாத்துட்டு மன்னிப்புக் கேட்டான்க்கா. அவளுக்கு நாப்பது வெள்ளை தெரியுமாம்."

யாருக்கும் தெரியாது என்றுதான் சொல்லியிருந்தேன். நாற்பது வெள்ளை தெரிந்தவள் அந்தக் கணக்கில் வரவில்லை. இருந்தாலும் விட்டுக்கொடுப்பேனா?

"சுவரு வேற, வைரம் வேறடா."

"மஞ்சள் மஞ்சள்தானேக்கா? 'இவன் எனக்கு மட்டமான கல்லைத் தந்து ஏமாத்தப் பாத்தான்'னு நினைச்சுட்டான்னா?"

அவன் கண் கலங்கிவிட்டது. அவன் அழுதால் எனக்குக் கோபம்தான் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படி. திட்டிக்கொண்டே மோதிரத்தை வாங்கி ஹால் விளக்கடியில் குப்புறப் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் வெளுத்த மாதிரிதான் தெரிந்தது.

"இங்க வெள்ளையா இருக்கேக்கா!"

"வீட்டு லைட் பொய் சொல்லும். என் ரூம் பொய் சொல்லாது. இது ஜேதான்."

அம்மாவிடம் காட்டினோம். "கல்லு எங்கடி இருக்கு? மூக்குக்கண்ணாடியை எடுத்துட்டு வா" என்றாள். அந்தச் சாட்சி செல்லாது என்று விட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கலகலப்பான பெண். நகக்கண்ணில் நீலம், முழங்கையில் பச்சை, சட்டைப் பையில் விசிறிபோல மடித்த கலர் அட்டைகள். சோபாவில் உட்கார்ந்ததும் எங்கள் ஜன்னல் கதவைப் பார்த்து, "இது ரெண்டு தடவை அடிச்ச பெயிண்ட், ரெண்டும் வேற வேற டப்பா" என்றாள். தம்பி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

மென்று விழுங்கி எப்படியோ கேட்டுவிட்டான். அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். மோதிரத்தை அழுத்திப் போட்டுவிட்டான். அவள் குனிந்து விரலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. விரலைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். புருவம் சுருங்கியது. தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

அவள் மூன்றாவது தடவை திருப்பியபோது என்னால் தாங்க முடியவில்லை.

"சரி, இப்ப என்ன? ஜே கலர்தான்! இல்லைன்னு யாரு சொன்னா? அவன்கிட்ட இருந்த காசு மொத்தத்தையும் போட்டு வாங்கியிருக்கான். முன்பக்கமா பாத்தா ஒருத்தருக்கும் தெரியாதுன்னு சொன்னது நான். திட்டணும்னா என்னைத் திட்டு, அவனை ஒண்ணும் சொல்லாதே!"

அவள் திருதிருவென்று விழித்தாள்.

"என்னக்கா சொல்றீங்க? மோதிரம் மாட்டிக்கிச்சு. கழட்ட வரல. சொன்னா இவர் மனசு கஷ்டப்படுமேன்னு பேசாம இருந்தேன்."

நாசமாய்ப் போக. அளவு பார்த்தது என் விரலில். நான் இடுக்கியால் கல் பொறுக்குகிறவள், அவள் பெயிண்ட் டப்பா திறக்கிறவள். அவள் விரல் முட்டி என்னுடையதில் ஒன்றரைப் பங்கு. என் வாயாலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்திருந்தேன். தம்பி பார்த்த பார்வை இருக்கிறதே, சின்ன வயதில் அவன் பட்டத்தை நான் மிதித்தபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை.

"மஞ்சளா இருக்கா இது?" என்றாள் அவள்.

எழுந்து ஜன்னலுக்குப் போனாள். பையிலிருந்து வெள்ளை அட்டை ஒன்றை எடுத்தாள். மோதிரத்தின்மேல் பிடித்து, கீழே பிடித்து, கொக்கிகளுக்கு நடுவே பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். அடிப்பாவி, நான் பார்க்கிற அதே மாதிரி பார்த்தாள். தம்பி சுவரோடு ஒட்டி நின்றான்.

"ஒரு தூசு அளவு இருக்கு. மஞ்சள்னு சொல்ற அளவுக்கு இல்லையேக்கா. நீங்க எங்க வெச்சுப் பாத்தீங்க?"

"என் ரூம்லதான். வெள்ளை ரூம். நாலு மாசம் முன்னாடி அடிச்சது."

அவள் கை அப்படியே நின்றது. "இவர் முதல் முதல்ல வந்து டப்பா வாங்கிட்டுப் போனாரே, அந்த ரூமா? கல்லு பாக்கிற ரூம்னு சொன்னாரே?"

"ஆமா. சுத்த வெள்ளை வேணும்னு சொல்லியனுப்பினேன்."

"அக்கா," என்றாள். குரலே மாறியிருந்தது. "அதுல நான் மூணு சொட்டு மஞ்சள் விட்டேன்."

அவள் அட்டையைப் பையில் திரும்ப வைத்தாள்.

"சின்ன ரூம், ஒருத்தங்க நாள் முழுக்க உக்காந்து உத்து உத்துப் பாப்பாங்கன்னு இவர் சொன்னாரு. சுத்த வெள்ளை அடிச்சா அவங்களுக்குக் கண்ணு கூசுமேன்னு நினைச்சேன். யாருன்னு தெரியாது. பாவமா இருந்துச்சு. மூணே சொட்டு. யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

யாருக்கும் தெரியவில்லைதான். பத்தொன்பது வருடக் கண்ணுக்கே தெரியவில்லை. தெரியாததோடு, அந்தச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் நான்கு மாதமாக ஊரார் கல்லையெல்லாம் மஞ்சள் மஞ்சள் என்று விரட்டியிருக்கிறேன். பெட்டியைத் திறந்து ஒரு மாதிரிக் கல்லைப் பக்கத்தில் வைத்திருந்தால் முதல் நாளே விளங்கியிருக்கும். மாதிரிக் கல்லும் அதே வெளிச்சத்தில் அதே மஞ்சள் காட்டியிருக்குமே. எனக்கு வெட்கமாக இருந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், கத்தல் வரவில்லை. எனக்குக் கண் கூசுமே என்று இந்தப் பத்தொன்பது வருடத்தில் முதலாளி நினைத்ததில்லை, நானே நினைத்ததில்லை.

"உங்க வேலையைக் கெடுத்துட்டேன்க்கா" என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

"அழாதே. அழறவங்களைக் கண்டா எனக்கு ஆகாது. ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான்."

தம்பி மெதுவாகப் பக்கத்தில் வந்தான். "அப்ப நான் கேட்டதுக்கு..."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரலைக் காட்டினாள். "இது கழட்ட வரப்போறதில்ல. சரின்னு சொல்றதைத் தவிர வேற வழி?"

அம்மா சோப்பு எடுக்க எழுந்தவள், அதைக் கேட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை காலை அவர்கள் இருவரையும் அறைக்குக் கூட்டிப்போனேன். பெட்டியில் தூசி தட்டினேன். அவள் விரலை மேசைமேல் வைக்கச் சொல்லி, மாதிரிக் கற்களை ஒவ்வொன்றாக மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஜே பக்கத்தில் மோதிரக் கல் வெள்ளை வெளேரென்று நின்றது. ஐ பக்கத்திலும் வெள்ளை. எச் பக்கத்தில் வைத்ததும் இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன. புலம்பல் அன்றைக்குச் சொன்ன அதே எச். ஜே விலைக்கு என் தம்பிக்கு வாங்கித் தந்திருக்கிறேன். தம்பிக்காகவே இறக்கிச் சொன்னாள் என்று ஊர் பேசினால் எந்த முகத்தை வைத்துக்கொள்வேன்?

"மிச்சத்தை நான் குடுத்துடறேன்க்கா. மாசாமாசம்" என்றான் தம்பி. அவனை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை, கெட்டுப் போவான்.

முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பிறகு புலம்பலுக்குப் போன் போட்டேன்.

"ஐயா, நாலு மாசமா நான் கலர் சொன்ன கல்லையெல்லாம் திருப்பிக் கொண்டு வாங்க. மறுபடி பாக்கணும்."

அந்தப் பக்கம் குரல் வழக்கத்தைவிட அதிகமாக அழுதது.

"ஏம்மா," என்றார், "இன்னும் மஞ்சளாயிடுச்சா?"