சுந்தரி கடைச் சாவிப் பலகை

ஜனார்த்தனனின் கணினித் திரையில் மலைச்சரிவிலுள்ள மஹய்யாவச் சந்து பதினெட்டே நிமிடத்தில் காலியாகிவிடும். நானூறு புள்ளிகள், ஒவ்வொன்றும் ஓர் ஆள். மண்சரிவு சைரன் ஊதியதும் பக்கத்துப் புள்ளி போகும் திசையைப் பார்த்துத் தானும் நகர்ந்து, படிக்கட்டைப் பிடித்து, சமர்த்தாகக் கீழே மைதானத்துக்கு இறங்கிவிடும். போர்க்களத்தில் படைகள் எப்படி நகரும் என்று கணிக்க எழுதிய நிரல் அது. அவன்தான் அதை மண்சரிவுக்கு வளைத்திருந்தான்.

ஒத்திகைக்கு நிஜ சைரன் ஊதியபோது சனம் மேலே ஏறியது.

நாற்பத்தொரு நிமிடம். மீட்புப் படை மேஜர் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். அது சரியாகத்தான் ஓடியது. சனிக்கிழமை இன்னொரு ஒத்திகை, அதிலும் இருபது நிமிடத்தைத் தாண்டினால் உங்கள் ஒப்பந்தம் முடிந்தது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் நிரலைக் குடைந்தான். புள்ளிகளுக்குப் பயத்தைக் கூட்டினான், குறைத்தான். சனியன்கள் கீழேதான் இறங்கின. நாலாம் நாள் காலை சந்திலுள்ள தன் அறையைப் பூட்டி, வழக்கம்போல் உச்சியிலுள்ள சுந்தரியின் ரொட்டிக் கடைக்கு ஏறி, பலகை ஆணியில் சாவியை மாட்டப் போனபோதுதான் கை அப்படியே நின்றது. வீட்டைப் பூட்டினால் சாவி சுந்தரி கடையில். சந்துக்கே அதுதான் வழக்கம். இரண்டு வருடமாக அவனும் மாட்டுகிறான். நிரலில் அதற்கு ஒரு வரி இல்லை.

பலகையைச் சந்தின் அடியில் வைக்கலாமா என்று சுந்தரியிடம் கேட்டான்.

"சாவி கீழ தொங்குனா, பாண் வாங்க மேல எவன் தம்பி வருவான்?"

அதுவும் நிரலில் இல்லை. ஒரு மணி நேரப் பேரத்துக்குப் பிறகு படிந்தது: சைரன் ஊதினால் சுந்தரியே பலகையைக் கழற்றிக்கொண்டு முதல் ஆளாக இறங்குவாள், மைதானத்தில் எல்லோரும் சாவியை அதில் மாட்டலாம். புது விதியோடு திரை பதினேழு காட்டியது.

சனிக்கிழமை அவள் பலகையை அணைத்தபடி இறங்கினாள். வெறும் ஆணிகள் வாசலைத் தாண்டும்போது யாருக்குக் கை சும்மா இருக்கும்? சாவியும் கையுமாக ஒவ்வொரு வீடும் பின்னால் சேர்ந்தது. பலகையை முந்திப் போக ஆளில்லை.

பாதிப் படியில் அவள் நின்றாள்.

"ஐயையோ, கடைய பூட்டலியே."

பலகை திரும்பி மேலே ஏறியது. பின்னாலேயே சந்து முழுவதும் ஏறியது.

மேஜர் இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஜனார்த்தனனைத்தான் பார்த்தார். அவனும் மூன்று படி ஏறியிருந்தான், கையில் சாவியோடு.