வராக நதி விலகிய வீடு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கால்நடை மருந்தகச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் வராக நதி ஜெயமங்கலத்தை விட்டு இரண்டு விரற்கடை தள்ளி ஓடியது. வெளியே ஆறு இருந்த இடத்தில்தான் இருந்தது. டாக்டர் ஜெபராணி கணினியில் இன்னொரு பிரதி எடுத்துப் பார்த்தார். அதிலும் அப்படியே. வெறிநோய் கண்ட இடங்களுக்கு அவர் வைத்திருந்த ஏழு சிவப்புப் புள்ளிகளையும் தொடாமல் நீலக்கோடு ஒதுங்கிக் கிடந்தது.

"வெறி புடிச்சதுக தண்ணியக் கண்டு பயப்படும்பாக. இங்கன தண்ணியே பயப்படுது, டாக்டரம்மா!" என்றார் நாய் பிடிக்கும் தவசி.

ஆறு விலகிய தெருக்களுக்கே முதல் ஊசி என்று ஜெபராணி கிளம்பினார். தவசி வலை வீச, அவர் ஊசி போட, போட்ட இடமெல்லாம் கைபேசியில் பச்சைப் புள்ளியாக ஏறியது. ஒரு தெரு பச்சையானதும் சுவர் வரைபடத்தில் ஆறு அந்தத் தெருப் பக்கம் திரும்பி வந்தது. சனங்கள் மருந்தக ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். கரும்புக்காட்டில் பதுங்கிய நாய்களைத் தாங்களே தூக்கி வந்தார்கள். ஒன்பது நாளில் இருநூற்றுப் பதினான்கு நாய்கள். ஆறு முழுக்கத் திரும்பிவிட்டது, பசு வளர்த்த சங்கிலியம்மாள் வீட்டருகே மட்டும் வளைந்து நின்றது. அங்கே நாயே கிடையாது. வெறி வந்து செத்த அவர் பசுவையும் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாயிற்று.

பத்தாம் நாள் ஜெபராணி அந்த வீட்டு வாசலில் நின்றார்.

"பசுவுக்கு எச்சில் வடிஞ்சப்ப என்னக்கா செஞ்சீக?"

"தொண்டையில சோளத்தட்டை சிக்கிருச்சுன்னு கைய விட்டுத் தேடுனேன், தாயி. ஒண்ணும் ஆப்புடல."

நீட்டிய கையில் பல் கீறிய காயம் பக்குக் கட்டியிருந்தது.

"இத ஏன் சொல்லல?"

"நாய்க்குத்தான் ஊசின்னு சொன்னாக."

சோப்புப் போட்டுக் கையைக் கழுவவைத்து ஜீப்பில் ஏற்றினார். பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை சங்கிலியம்மாள் டாக்டரின் சேலை முந்தியைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். காயத்தைச் சுற்றி மருந்தும் தோளில் ஊசியும் ஏறிய நிமிடத்தில் தவசியிடமிருந்து போன் வந்தது.

"டாக்டரம்மா, நகருது! ஆறு நகருது!"

நாலாவது ஊசியன்று நீலக்கோடு சங்கிலியம்மாள் வாசலைத் தொட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஜெயமங்கலத்தில் மாடு ஓட்டிப் போகிறவர்கள் மருந்தக ஜன்னலில் தலையை நீட்டி, "தவசி, ஆறு எங்கன கெடக்கு?" என்று கேட்பார்கள். "கெடக்குற எடத்துல கெடக்கு" என்பார் தவசி. அவர்களும் மாட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போவார்கள்.