முன்னறையில் நாலு ஓடு

கர்சிடி அளவு நாடாவின் ஒரு முனையைக் கிணற்றுச் சுவரில் மனைவி வார்த்தினியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையோடு பக்கத்து வீட்டுப் பொனிராவின் வேலி வரை நடந்தார். ஒன்பது மீட்டர் நாற்பது. கிணற்றுக்கும் கழிவுத் தொட்டிக்கும் நடுவே பத்து மீட்டராவது வேண்டும். வேலியை ஒட்டி அந்தப் பக்கம்தான் பொனிராவின் குளியலறை; அவள் தொட்டியும் அங்கேதான் இருக்கும். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

அந்தச் சந்தோஷம் அவருக்குத் தேவையாகத்தான் இருந்தது. கிளாத்தென் ஊர்ப் பக்கத்தில் தன் கிணறு போல வேறு கிடையாது என்று முப்பது வருடமாகப் பெருமை அடித்தவர். தகர மூடி போட்டு, கயிற்றை மண்ணில் படாமல் மாட்டி, வருடா வருடம் மருந்துத் தூள் கரைத்து, கிணற்றடியில் ஒருவரையும் துணி துவைக்க விடாமல் காத்த மனிதர். அந்தத் தண்ணீரில் மலக்கிருமி இருப்பதாகச் சுகாதார நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சோதிக்கச் சொன்னதே மகள் ரெத்னோதான். எட்டு மாதக் கர்ப்பம் அவளுக்கு. "தண்ணி சரியாகாம நான் அங்க வரமாட்டேம்ப்பா. மாமியார் வீட்லயே பெத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். முதல் பேரப்பிள்ளை வேறொரு வீட்டில் கண் திறப்பதா? கர்சிடிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஆகவே தெருத் தலைவரையும் சுகாதார நிலையத்துப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு வேலி தாண்டினார். கீரைக்கு வேர்க்கடலைச் சாந்து அரைத்துக்கொண்டிருந்த பொனிரா கையைத் துடைத்தபடி எழுந்தாள். எல்லோரையும் வாசலுக்குக் கூட்டிப்போய், சாலையோரம் இருந்த சிமெண்ட் மூடியைக் காலால் தட்டிக் காட்டினாள்.

"அளந்துக்குங்கண்ணே. நாடா பத்தலேன்னா முடிச்சுப் போட்டு அளங்க."

கர்சிடியின் கிணற்றிலிருந்து இருபத்திரண்டு மீட்டர்.

"சரி, உங்க வீட்டுத் தொட்டி எங்க சார்?" என்றாள் சுகாதார நிலையத்துப் பெண்.

கர்சிடி தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். வாழை மரத்தடியில்தான் என்றார். தோண்டினார்கள், இல்லை. கோழிக்கூட்டுக்குப் பின்னால் என்றார். அங்கும் இல்லை. நாலாவது குழியில் மண்வெட்டிக் காம்பு முறிந்தது. வேலிக்கு மேல் முகவாயை வைத்துப் பொனிரா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க," என்று வார்த்தினி மெதுவாக ஆரம்பித்தாள், "முன்னறைய இழுத்துப் பெருசாக்குனோமே, பெருநாளைக்கு ஆளுங்க உக்காரணும்னு..."

சோபாவை நகர்த்தினார்கள். கர்சிடி தன் கையால் பதித்த வெள்ளைத் தரை ஓடுகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக, ஜன்னலை ஒட்டி நாலு ஓடுகள் மட்டும் அடியில் வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தன. தொட்டி அங்கேதான். அதே ஜன்னலுக்கு வெளியே, ஐந்தே எட்டு வைத்தால் கிணறு.

"போன வியாழக்கிழம இதும்மேல உக்காந்துதான் நான் காப்பி குடிச்சேனா?" என்றார் தலைவர்.

"தொட்டிய மூடிட்டு வாசல்ல கசியாத தொட்டியா கட்டுங்க. அப்புறம் கிணத்த எறைச்சு, மருந்து போட்டு, திரும்பச் சோதிக்கணும். ரெண்டு மாசமாவது ஆகும்" என்று சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

அன்று மத்தியானமே கர்சிடி மகளைக் கூப்பிட்டார். தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லும்போது காது சுட்டது.

"அதுவரைக்கும் எந்தத் தண்ணிப்பா?"

"பொனிரா கிணத்துத் தண்ணி. சுகாதார நிலையத்துல அதையும் சோதிச்சாச்சு, சுத்தமா இருக்கு."

"அவங்க குடுக்கறேன்னாங்களா?"

"குடுப்பா."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேம்ப்பா."

பொனிராவிடம் அவர் இன்னும் வாயே திறந்திருக்கவில்லை. இரண்டு கேன்களைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றார். மன்னிப்பு கேட்க வழியெல்லாம் வார்த்தை யோசித்து வந்தவர், "ரெத்னோவுக்குத் தண்ணி வேணும்" என்று கேன்களை நீட்டினார். பொனிரா கேனைப் பிடுங்கி, மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"இதுலயா பச்சப் புள்ளைக்குத் தண்ணி கொண்டுபோவீங்க? உக்காருங்க."

கிணற்றுக்குத் தள்ளி, சாக்கடைப் பக்கமாகக் குந்த வைத்து, நாரும் சோப்பும் கொடுத்தாள். கர்சிடி தேய்த்தார். அவள் கேனை வெயிலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

"இன்னொரு தடவ."

மறுபடியும் தேய்த்தார். சட்டைப் பையில் கைபேசி அடித்தது. ரெத்னோதான். இரண்டு கையிலும் முழங்கை வரை நுரை. பொனிரா வாளியைக் கிணற்றில் இறக்கிக்கொண்டே, "மொதல்ல கையக் கழுவுங்க" என்றாள்.