சத்தம் போதவில்லை

பேருந்து டிப்போவில் அவருக்குப் பாட்டுக்காரர் என்றுதான் பெயர். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் வாய் சும்மா இருக்காது. அப்படிப்பட்டவர் ஆசைப்பட்டு இசைத்தட்டு ஸ்டீரியோ ஒன்றை வாங்கிவந்து கூடத்தில் வைத்தபோது, மனைவி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தை இல்லாத வீடு. கொஞ்சம் சத்தம்தான் இருக்கட்டுமே என்று நினைத்தாள்.

ஒரு வருடம் போல நன்றாகத்தான் பாடியது. பிறகு அவர் முகம் சுளிக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, சத்தம் போதல. கிணத்துக்குள்ளேருந்து பாடுற மாதிரி இருக்கு."

"எனக்கு நல்லாத்தானே கேக்குது?"

"உனக்கு என்ன தெரியும்? வயலின் இருக்கிற இடமே தெரியல. தட்டுலேருந்து வர்றது ரொம்ப மெலிசான சத்தம். அதைத் தூக்கிக் குடுக்க நடுவுல ப்ரீஆம்ப்ளிஃபையர்னு ஒரு பெட்டி வேணும்."

பாட்டு விஷயத்தில் அவர் சொன்னதுதான் அவளுக்கு வேதவாக்கு. ஆனாலும் சட்டென்று வாங்கிவிடவும் அவருக்கு மனம் வரவில்லை. தேவையா, இல்லையா என்று மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொண்டார். ஊசியைத் துடைத்தார், வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார், ஸ்பீக்கரை இடம் மாற்றினார். வால்யூம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. மாடி வீட்டுக்காரர் வந்து சொன்னதற்கு, "மனுஷனுக்கு ரசனை கிடையாது" என்றார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கை வரவழைத்தார். வந்தவர் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"சார், ப்ரீஆம்ப் இதுக்குள்ளேயே இருக்கு. நீங்களும் சரியான இடத்துலதான் சொருகியிருக்கீங்க. தனியா வேண்டியதே இல்ல."

சொல்லிவிட்டு, முதுகு மறைக்கக் குனிந்து தட்டில் ஊசியை வைத்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மெக்கானிக் பதறிப்போய் வால்யூமைப் பாதிக்கும் கீழே இறக்கினார். அதன் பிறகும் பாட்டு கூடம் முழுக்க நிறைந்து ஒலித்தது.

"சரி, பாட்டைப் போடுங்க. போட்டாத்தானே தெரியும்?" என்றார் பாட்டுக்காரர்.

மெக்கானிக் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பாட்டுக்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓடிக்கிட்டுதான் இருக்கா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. "இப்பல்லாம் பேப்பர்ல எழுத்தைப் பொடிப் பொடியாப் போடுறாங்க" என்று கோபித்துக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். சொந்த வீட்டில், உதட்டைப் பார்த்தே அவர் பதில் சொல்லிவந்தது அவளுக்கு உறைக்காமல் போயிற்று.

"வயர் எல்லாம் சரியா இருக்கு சார்" என்று யாரும் கேட்காமலே இன்னொரு தரம் சொல்லிவிட்டு மெக்கானிக் கிளம்பினார்.

பாட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். "போன வாரம் பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தானாம். கண்டக்டர் வந்து தோளைத் தட்டினப்புறம்தான் தெரிஞ்சுது. தூக்கக் கலக்கம்னு நெனைச்சேன்."

"நெஜமாவே அப்படித்தான் நெனைச்சீங்களா?"

"நெனைச்சுக்கிட்டேன்."

அவள் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "நாளைக்கு வண்டி எடுக்காதீங்க."

அவர் மறுப்பு சொல்லவில்லை. அதுதான் அவளை அழவைத்தது.

ஆஸ்பத்திரியில் காதில் ஹெட்ஃபோனை மாட்டி ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய கட்டைவிரல் வெகுநேரம் அசையவே இல்லை. நரம்புக் கோளாறு, போனது திரும்பாது, மெஷின் வைத்தால் பேச்சு ஓரளவு பிடிபடும், ஆனால் பேருந்து மட்டும் கூடாது என்றார் டாக்டர்.

டிப்போவில் அவரை உதிரிபாக அறையில் போட்டார்கள். கூப்பிடும் பெயர் மாறவில்லை. வாயில் பாட்டு முணுமுணுப்பதுதான் நின்றுபோயிற்று. சுருதி விலகினால் தனக்கே தெரியாது என்ற பயம்.

ஸ்டீரியோவை விற்றுவிடலாமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டைப் போட்டுவிட்டு அவள் எதிரே உட்காருவார்.

"இப்ப என்ன வருது?"

"புல்லாங்குழலுங்க."

"எப்படி வருது?"

அவளுக்கு அதற்கெல்லாம் சொல் வராது. "நல்லா வருது" என்பாள். அவர் அவள் உதட்டையே பார்த்துக் காத்திருப்பார். "மெதுவா மேல ஏறி... அப்படியே நின்னுடுச்சுங்க."

"அதுக்குள்ள நின்னுடுச்சா? நடுவுல தபேலா வரணுமே!"

"வந்துச்சுங்க. நான்தான் கவனிக்கல" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் ஊசியை முதலிலிருந்து வைப்பாள்.