ஹறல்டின் ஜெட்

1

இந்தக் கதையை நான் ஒரு பிறந்தநாள் வீட்டில் களவெடுத்தேன். ரொறன்ரோவில், மோர்னிங்சைட் பக்கம், என் சிநேகிதி துர்க்காவின் வீடு. எல்லோரும் கேக்கைச் சுற்றி நிற்க, அவளுடைய கணவர் வாகீசன் அண்ணை மட்டும் மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். பிளாஸ்ரிக் விமானமொன்றின் சக்கரம் விழுந்துவிட்டதாம். பயற்றம் பருப்பளவு. நானும் குனிந்து தேடினேன். தேடிக்கொண்டே அவர் சொன்னதுதான் இது. சக்கரம் கிடைக்கவில்லை.

அவர் றிச்மண்ட் ஹில்லில், சின்னச் சின்ன மாதிரி விமானங்கள் செய்பவர்களின் கழகமொன்றில் உறுப்பினர். அங்கே அவருக்கு ஒரு கூட்டாளி, ஹறல்ட். வயது எண்பது. ஹறல்டுக்கு இப்போது கார் ஓட்ட முடியாது, அதனால் வாகீசன் அண்ணைதான் கூட்டிக்கொண்டு போகிறார்.

2

முதல் தொடக்கம்: "தங்கையின் மேல் குண்டு விழுந்த அன்று வாகீசன் வானத்தை—"

வாகீசன் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன்.

"எனக்குத் தங்கச்சியே இல்லை."

"கதைக்குத்தானே அண்ணை."

"ஏன் பிள்ளை, வெள்ளைக்காரன் பிளேன் செய்தா பொழுதுபோக்கு, நான் செய்தா காயமோ? எனக்கு உது சும்மா விருப்பம்."

வெட்கமாகிவிட்டது. தங்கையைப் பேனாவால் அடித்துவிட்டேன். (பிறக்காத பிள்ளையைக் கொன்றது நான்தான், அதில் எந்த விமானத்துக்கும் பங்கில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "ஒரு விமானத்தை இரண்டு விதமாகப் பார்க்கலாம், மேலிருந்தும்—"

இதையும் விட்டுவிட்டேன், கட்டுரை மாதிரி இருந்தது. ஆனால் இதைக் கேட்டபோது அவர் ஒன்றை ஒப்புக்கொண்டார்.

"ஊரில சண்டைக் காலத்தில நாங்கள் எல்லாத்தையும் கீழ நிண்டுதான் பாத்தனாங்கள். அதால எனக்கு ஒரு பழக்கம். எந்தப் பிளேனெண்டாலும் முதல்ல சத்தத்தைத்தான் யோசிப்பன். மூக்கில சுத்திற காத்தாடி வைச்சதெண்டா தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டுப் பங்கர் குழிக்குப் போகலாம். ஜெட் எண்டா சத்தம் வரேக்க எல்லாம் முடிஞ்சிடும்."

3

இனிக் கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள், இது இல்லாமல் கதை நகராது.

கழகத்தில் வாகீசன் அண்ணையை ஒரு பேச்சுக்குக் கேட்டிருந்தார்கள். இரண்டாம் உலகப்போரின் கடைசி மாதங்களில் ஜெர்மன்காரர் இரவில் குண்டுவீச்சு விமானங்களை வேட்டையாட இரண்டு வகை வைத்திருந்தார்கள். ஒன்று ஜெட்: மெசர்ஸ்மிட் 262, இருவர் இருக்கும் வகை, மூக்கில் மான்கொம்பு போல ரேடார் கம்பிகள். மற்றது காத்தாடி வைத்த பழைய பிஸ்டன் எஞ்சின்காரன்: யுங்கர்ஸ் 88. இரண்டில் எது மேல் என்பதுதான் பேச்சு.

ஜெட்தான் என்று நான் நினைத்தேன். நீங்களும் நினைத்திருப்பீர்கள். ஆனால் அந்த வேகமே அதற்கு வினை. இருட்டில் மெதுவாகப் போகும் லங்காஸ்டரை, அதுதான் எதிரியின் குண்டுவீச்சு விமானம், கண்டு குறி வைப்பதற்குள் தாண்டிப் போய்விடும். எஞ்சினும் பத்து இருபது மணித்தியாலங்களில் கழற்றி மாற்ற வேண்டியது. யுங்கர்ஸோ மணிக்கணக்காக வானில் நிற்கும். லங்காஸ்டருக்கு நேர் கீழே வந்து, அதன் வேகத்திலேயே கூடப் பறந்து, மேல்நோக்கிப் பொருத்திய துப்பாக்கியால் சுடும். பதறாத காரியம் சிதறாது என்பதற்கு இவ்வளவு பயங்கரமான உதாரணத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

வாகீசன் அண்ணை தன் பேச்சில் யுங்கர்ஸுக்கு ஒரு குறை எழுதியிருந்தார்: "அது வருவது முன்பே கேட்கும்." காரில் போகும்போது ஹறல்ட் அதைக் கேட்டுச் சிரித்தாராம். லங்காஸ்டருக்குள் நாலு எஞ்சினின் இரைச்சல்; பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது, அப்பாவின் கூட்டாளிகள் சொல்லியிருக்கிறார்கள் என்றாராம்.

அப்பா என்ற சொல் அப்போதுதான் வந்தது.

4

ஹறல்டின் அப்பா லங்காஸ்டரின் வால் துப்பாக்கிக்காரர். அந்த விமானம் மோல்ரனில், இன்றைய ரொறன்ரோ விமான நிலையத்துப் பக்கம், கட்டப்பட்டது. 1945 மார்ச்சில் அவர் திரும்பி வரவில்லை. ஹறல்ட் அப்போது தாயின் வயிற்றில்.

பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்வதுதான் வால் துப்பாக்கிக்காரரின் வேலை. அம்மா மகனுக்குச் சொல்லி வளர்த்தது: "வந்தது ஜெட். யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது." ஹறல்ட் இதுவரை செய்த மாதிரிகளில் பாதி அந்த ஜெட்தான்.

வாகீசன் அண்ணை பேச்சுக்காகத் தேடப்போய்த்தான் அகப்பட்டுக்கொண்டார். அந்த இரவு ஜெட்கள் பெரும்பாலும் பெர்லினைச் சுற்றியே பறந்தன, பெரும்பாலும் கொஸ்கிற்றோ என்ற சின்ன வேக விமானங்களைத் துரத்தின. (கொஸ்கிற்றோ அல்ல, மொஸ்கிற்றோ. அவசரத்தில் எழுதியது, இருக்கட்டும்.) ஹறல்டின் அப்பா விழுந்தது வெகு தூரம் மேற்கே. அங்கே வந்தது பிஸ்டனாகத்தான் இருக்கும். மெதுவாக, கீழிருந்து. வாலில் இருந்தவருக்கு நேர் கீழே தெரியாது. அவரில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் மெதுவாக வந்ததை அப்பா ஏன் காணவில்லை என்று எண்பது வயதில் ஒரு மகன் கேட்கத் தொடங்கினால், அந்தக் கேள்வி அவரை விடுமா?

துர்க்கா கோப்பை கழுவிக்கொண்டே சொன்னாள்: "அந்த மனிசனுக்கு இனி உண்மை என்னத்துக்கு? பேசாம ஜெட் எண்டு சொல்லுங்கோ."

"பேச்சில 'பெரும்பாலும்' எண்டு போட்டிருக்கிறன். அதுக்குள்ள அவர் ஒளிச்சுக்கொள்ளலாம்," என்றார் வாகீசன் அண்ணை.

5

முடிவு அ: ஜெட் என்கிறார். ஹறல்ட் புன்னகைக்கிறார். வாகீசன் அண்ணை அதன்பிறகு மாதிரி செய்வதில்லை.

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறார். ஹறல்ட் வீடு வரைக்கும் கார் ஜன்னலால் வானத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறார். இறங்கும்போது—

முடிவு இ: ஹறல்டுக்கு எல்லாம் முன்பே தெரியும். (அடித்துவிட்டேன். எழுத்துக்காரர் தப்பி ஓடும் பின்கதவு அது.)

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. வாகீசன் அண்ணை, பேவியூவில் பிள்ளையார் கோயிலடிக் கார் தரிப்பிடத்திலிருந்து, காருக்குள் ஹறல்டும்; இன்னும் கொஞ்ச நேரத்தில் கழகத்தில் பேச்சு.

"பிள்ளை, முடிவு எழுதிட்டியோ? நீ தன்னைப் பற்றி எழுதிறது ஹறல்டுக்குத் தெரியும். என்ன முடிவெண்டு கேக்கிறார். நீ சொல்லு, நான் அப்பிடியே இங்கிலீசில சொல்லுறன்."

கெட்டிக்காரர். தன்னால் சொல்ல முடியாததை என் வாயால் சொல்லப் பார்க்கிறார்.

"உதை நீங்கள்தான் சொல்லவேணும் அண்ணை."

"நான் சொன்னா உண்மையாப் போயிடும் பிள்ளை. நீ சொன்னா கதைதானே."

பின்னால் ஹறல்டின் குரல், மெதுவாக, ஆங்கிலத்தில்: கதையில் என் அப்பா அதைக் காண்கிறாரா?

ஜெட்டா பிஸ்டனா என்று அவர் கேட்கவே இல்லை. நான் எழுதி வைத்த முடிவுகள் எதிலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே கூச்சமில்லாமல் இதை உங்கள் தலையில் கட்டுகிறேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன். ஹறல்ட் காத்திருக்கிறார், மடியில் அவருடைய ஜெட். நீங்கள் தமிழிலேயே சொல்லலாம், வாகீசன் அண்ணை மொழிபெயர்ப்பார். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்; அவருக்குக் காது மந்தம்.